அப்பா செய்யாத நாற்காலி

அத்தியாயம் 9

“மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. ஆடாதீங்க. இப்ப விடுங்க.”

வாரத்தில் ஆறு நாளும் அக்கா பேசுவது இவ்வளவுதான். கை ஒடிந்து வருகிறவரானாலும் இருமிக்கொண்டு வருகிறவரானாலும் இதையேதான் சொல்லியாக வேண்டும். அவர்கள் பதில் பேசுவதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு எப்படிப் பேசுவது?

மருத்துவமனையில் வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லாருக்கும் அவள் ‘எக்ஸ்ரே அக்கா’. தன்னைவிட மூத்தவர்கள் அக்கா என்று கூப்பிட்டால் முன்பெல்லாம் சுருக்கென்று இருக்கும். ஐம்பதை நெருங்கியதும் அது பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைதான் கஷ்டம். அப்பா இருந்தவரை, “அப்பா, மாத்திரை”, “அப்பா, இந்தப் பக்கம் திரும்பிப் படுங்க” என்று வாய்க்கு ஏதாவது வேலை இருந்துகொண்டே இருக்கும். அப்பா போன பிறகு, சனிக்கிழமை மாலை ஆஸ்பத்திரி வாசலில் “வரேன்” என்று சொல்லி மூடும் வாய், திங்கட்கிழமை காலை அதே வாசலில் “வந்துட்டேன்” என்றுதான் மறுபடி திறக்கும்.

மரம் சீவும் இழைப்புளி அவள் கைக்கு வந்தது ஒரு கதவினால்தான். மழைக்காலத்தில் அப்பாவின் அறைக்கதவு ஊதிப்போய்ச் சட்டத்தில் சிக்கிக்கொண்டது. வருகிறேன் என்ற தச்சர் வரவில்லை. வேலை முடிந்து வரும் வழியில் பழைய இரும்புக் கடையில், சைக்கிள் சங்கிலிகளுக்கும் உடைந்த தராசுக்கும் நடுவே, துருப்பிடித்த அலகோடு அந்த மர இழைப்புளி கிடந்தது. வாங்கி வந்து, அலகை வினிகரில் ஊறப்போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, ஒரு வாரத்தில் கதவின் ஓரத்தைச் சீவி எடுத்துவிட்டாள். கதவு இப்போது விரல் பட்டாலே திறக்கிறது. திறந்துதான் என்ன, உள்ளே யாருமில்லை.

ஆனால் மரம் சீவும்போது எழும் அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்துப்போனது. ‘ஸ்ர்ர்’ரென்று யாரோ பக்கத்தில் உட்கார்ந்து நீளமாகப் பெருமூச்சு விடுவதுபோல. கதவு முடிந்ததும் பெஞ்சுப் பலகை, பிறகு வெட்டுப்பலகை, பிறகு வேண்டாத பலகை என்று சீவிக்கொண்டே இருந்தாள். அலகை எப்படிப் பொருத்துவது என்று போன வாரம் இணையத்தில் கேட்கப்போய்த்தான், மரவேலைப் பிரியர்கள் வாராவாரம் கூடும் ‘ஞாயிறு பட்டறை’யிலிருந்து இந்த ஒற்றை வரிப் பதில் வந்தது.

‘நேர்ல வாங்கம்மா. பார்த்துச் சொன்னாத்தான் புரியும். – கேப்டன்.’

இதோ, கிளம்பிவிட்டாள்.

பஸ்ஸில், துண்டில் சுற்றிய இழைப்புளியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து சீட்டுப் பெண் நகர்ந்து இடம் விட்டு, “தூங்குதா?” என்று மெல்லக் கேட்டாள்.

இல்லை என்று விளக்கம் சொல்ல அக்காவுக்குச் சோம்பலாக இருந்தது. அதைவிட, அப்படி யாராவது கேட்டது நன்றாகவும் இருந்தது.

“ம்” என்றாள்.

*

மூடிப்போன ஐஸ் தொழிற்சாலை ஒன்றின் பின்கட்டில்தான் பட்டறை. சுவரெல்லாம் இன்னும் ஈரம் பூத்திருந்தது. உள்ளே கனத்த மேஜைகள் வரிசையாகக் கிடக்க, சுவர் முழுக்க உளிகளும் ரம்பங்களும் மூலைமட்டங்களும் தொங்கின. மின்சாரத்துக்கு அங்கே வேலை விளக்கெரிப்பதும் விசிறி சுற்றுவதும் மட்டும்தான். மற்றதெல்லாம் கை.

“நீங்கதானே அலகு சரியா உக்கார மாட்டேங்குதுன்னு கேட்டீங்க? வாங்க வாங்க.”

கேப்டன் என்றால் கப்பல் கேப்டன் என்று அக்கா நினைத்திருந்தாள். அவர் கப்பலைப் படத்தில் பார்த்ததோடு சரி. பள்ளிக்கூட வாலிபால் அணிக்குத் தலைவராக இருந்தவர், அப்புறம் காலமெல்லாம் காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர். பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஒரு பத்துப்பேர் இருப்பார்கள். கேக்கும் ரொட்டியும் மணக்கிற சட்டையோடு ஒரு பேக்கரிக்காரர். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு உளியைத் தீட்டிக்கொண்டிருந்த ஒரு பல் டாக்டரம்மா. அக்காவைத் தவிர அங்கே இருந்த ஒரே பெண் இந்த அம்மாள்தான். அக்காவைப் பார்த்ததும் தன் பக்கத்து நாற்காலியிலிருந்த மரத்தூளைக் கையாலேயே தட்டிவிட்டார்.

“இங்க உக்காருங்க. இவ்வளவு நாளா இந்தக் கும்பல்ல நான் மட்டும் தனியா மாட்டிக்கிட்டிருந்தேன்.”

அக்கா உட்கார்ந்தாள். உட்கார் என்று ஒருவர் சொல்லி உட்கார்ந்து எத்தனை காலமாயிற்று என்று தோன்றியது.

“எங்க சட்டதிட்டம் ஒண்ணே ஒண்ணுதான்” என்றார் கேப்டன். “புதுசா வர்றவங்க கொண்டு வந்த சாமானை மேஜை மேல வெச்சு, இது யாரோடது, எப்படிக் கைக்கு வந்துச்சுன்னு ரெண்டு வார்த்தை சொல்லணும். பேக்கரி, நீ சொல்லிக் காட்டேன்.”

பேக்கரிக்காரர் தன் ரம்பத்தைத் தூக்கிக் காட்டினார். “இது எங்க மாமனார் குடுத்தது. பொண்ணைக் குடுக்கும்போது சிரிச்சுக்கிட்டே குடுத்தாரு. இதைக் குடுக்கும்போதுதான் தேம்பித் தேம்பி அழுதாரு.”

எல்லாரும் சிரித்தார்கள். பலமுறை கேட்ட கதை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. அடுத்தவர் தன் பெரியப்பாவைச் சொன்னார். இன்னொருவர் முதல் வேலையில் சேர்ந்தபோது தட்டிக்கொடுத்த மேஸ்திரியைச் சொன்னார். டாக்டரம்மா உளியை உயர்த்தி, “அப்பாவோடது” என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் பத்துப்பேர்தான். ஆனால் ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் இன்னொருவர் நின்றுகொண்டிருந்தார்.

அக்காவின் முறை வந்தது. துண்டைப் பிரித்தாள். ‘பழைய இரும்புக் கடையில கிடந்துச்சு’ என்பதுதான் நாக்கின் நுனியில் இருந்தது.

“எங்கப்பாவோடது” என்றாள்.

அவளே அதைக் கேட்டுத் திடுக்கிட்டாள். அதற்குள் கேப்டன் இழைப்புளியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, “அடேங்கப்பா, நல்லா உழைச்ச சாமான். அப்பா தச்சரா?” என்று கேட்டுவிட்டார்.

“இல்ல. தபால் பிரிக்கிற வேலை. வீட்டுக்கு வேண்டியதை மட்டும் அவரே செஞ்சுக்குவார்.”

“என்ன செஞ்சார்? சொல்லுங்களேன்.”

“நாற்காலி. சின்ன வயசுல சாப்பாட்டு மேஜை எனக்கு எட்டாது. அதுக்காகக் கொஞ்சம் உயரமா ஒரு நாற்காலி செஞ்சு குடுத்தார்.”

சொல்லச் சொல்ல அது கண் முன்னால் வந்தது. அப்பா குனிந்து பலகை சீவுகிறார், தலைமுடியில் மரச்சுருள் சிக்கியிருக்கிறது, அவள் எட்டி எடுக்கிறாள். அப்படி ஒரு நாள் நடக்கவே இல்லை என்று நம்புவதுதான் இப்போது சிரமமாக இருந்தது.

“குடுத்து வெச்சவங்க” என்றார் கேப்டன்.

டாக்டரம்மா அலகை லேசாகத் தட்டி உள்ளே இறக்கி, “ரொம்ப வெளிய நீட்டிக்கிட்டிருக்கு. இப்ப தள்ளிப் பாருங்க” என்றார். அக்கா தள்ளினாள். பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் அறுபடாமல், வெங்காயத்தோல்போல மெலிந்த ஒரே சுருள் எழுந்து அவள் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது.

பத்துப்பேரும் கை தட்டினார்கள். அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பேக்கரிக்காரர் அந்தச் சிரிப்பைப் படம் பிடித்து, ‘அப்பாவின் இழைப்புளியோடு மகள்’ என்று தலைப்பு வைத்து, சுடச்சுடப் பட்டறையின் இணையப் பக்கத்தில் போட்டார்.

*

டீயும் பன்னும் வந்த நேரத்தில் செல்போன் அடித்தது. தம்பி.

நம் வாசகர்களுக்குத் தெரியும், அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. அப்பாவின் காரியங்கள் முடிந்து அவன் மனைவியோடும் மகள் குட்டியோடும் தன் வீட்டுக்குப் போனான், அவள் தன் வேலைக்குப் போனாள். நடுவில் இருந்தவர் போனதும் இருவருக்கும் பேச விஷயம் இல்லாமல் போயிற்று. சண்டை போட்டிருந்தாலாவது யாராவது வந்து சமாதானம் செய்து வைத்திருப்பார்கள். இதற்கு யார் வருவார்கள்?

வாசல் பக்கம் ஓடிப்போய் எடுத்தாள்.

“சொல்லுடா. குட்டிக்கு உடம்பு ஏதாவது…”

“அவளுக்கு ஒண்ணுமில்ல. நல்லா ஆடிக்கிட்டிருக்கா. அக்கா, இப்பதான் உன் படம் பார்த்தேன்.”

“எந்தப் படம்?”

“குட்டி பிறந்தநாளுக்குக் கேக் வாங்குவோமே, அந்தக் கடைக்காரர் போட்டிருக்கார். என் பொண்டாட்டிதான் காட்டினா.” தம்பியின் குரல் ஒரு மாதிரி இருந்தது. “அப்பாகிட்ட இழைப்புளி இருந்துச்சா?”

அக்கா உள்ளே மேஜைமேல் கிடந்த இழைப்புளியைத் திரும்பிப் பார்த்தாள்.

“எனக்கு ஏன்க்கா சொல்லல? நான் கல்யாணமாகி வந்தப்புறம் வாங்கினாரா? நீங்க ரெண்டு பேரும் உக்காந்து இதெல்லாம் செஞ்சீங்களா?”

“டேய், அது வந்து…”

“கோபமா கேக்கல. எங்கிட்ட அப்பாவோட சாமான்னு ஒண்ணுகூடக் கிடையாது. ஒரு கண்ணாடிக் கூடுகூட எடுத்துட்டு வரல. அப்ப தோணல, இப்ப தோணுது. நீ அங்கயே இரு. நான் வந்து ஒரு தடவை கையில எடுத்துப் பாக்கறேன்.”

“வேண்டாம்டா, நானே…”

வைத்துவிட்டான்.

திரும்பக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். விரல் அவன் பெயர் வரைக்கும் போனது. ‘அது பொய்டா’ என்று சொன்னால் அவன் வரமாட்டான். சொல்லாததற்கு அதுதான் காரணம் என்பதை அவளாலேயே நேராகப் பார்க்க முடியவில்லை. செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

*

தம்பி டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தான். கூரைமேல் பலகை கட்டிய, இரண்டு பிரேக் வைத்த அந்தச் சின்னக் கார் தொழிற்சாலை வாசலில் வந்து நின்றபோது, உள்ளே இருந்து இறங்கியவன் அக்காவின் நினைவில் இருந்ததைவிட இளைத்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது.

“சாப்பிட்டியா?” என்றாள்.

“ம். எங்க அது?”

மேஜைமேல் இருந்ததை இரண்டு கையாலும் எடுத்தான். கைப்பிடியில் யாருடைய விரல்களோ தேய்த்துத் தேய்த்துக் குழிவிழுந்த இடத்தில் தன் கட்டைவிரலைப் பொருத்தி வைத்தான். பிறகு அதை முகத்தருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டான். அக்கா சுவரில் தொங்கிய ரம்பங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பையனும் வந்தாச்சா!” கேப்டன் டீ டம்ளரோடு வந்தார். “தம்பி, அக்கா எல்லாம் சொன்னாங்க. அந்த நாற்காலியில நீங்களும் உக்காந்திருப்பீங்களே?”

“நாற்காலியா?”

“அதான், சாப்பாட்டு மேஜை எட்டலைன்னு அப்பா செஞ்சு குடுத்தாரே.”

தம்பி கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தான். அவன் பிறந்து வளர்ந்த வீட்டில் சாப்பாட்டு மேஜையே கிடையாது. தரையில் உட்கார்ந்துதான் எல்லாரும் சாப்பிட்டார்கள். அவன் முகத்தில் ஒவ்வொரு கியராக விழுவது அக்காவுக்குத் தெரிந்தது. இழைப்புளியைக் கீழே வைத்தான். எடுத்தபோது இருந்த வேகம் வைத்தபோது இல்லை.

அவ்வளவுதான், மானம் போயிற்று என்று அக்கா நினைத்தாள்.

“ஓ, அந்த நாற்காலியா!” என்றான் தம்பி. “அதை ஏன் கேக்கறீங்க! நாலு கால்ல ஒண்ணு குட்டை. அதுல உக்காந்து சாப்பிட்டா ரசம் எப்பவும் ஒரு பக்கமாத்தான் ஓடும்.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“எங்கப்பா ஒத்துக்கவே மாட்டார். தரைதான் கோணல்னு சாதிப்பார்.”

“அப்படித்தான்யா சொல்லணும்!” கேப்டனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. “இப்ப அது எங்க இருக்கு?”

“எங்க வீட்டுலதான். என் பொண்ணு உக்காந்துக்கறா.”

“அப்ப அடுத்த ஞாயிறு கொண்டு வாங்க. கால் குட்டையா இருந்தா என்ன, நட்டநடுவுல வெச்சுக் கொண்டாடிடுவோம்.”

தம்பி சிரித்த முகம் மாறாமல் அக்காவின் முழங்கையைப் பிடித்து, “ஒரு நிமிஷம்” என்று வெளியே இழுத்துக்கொண்டு வந்தான்.

காருக்குப் பின்னால் வந்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் வெடித்தது யார் என்று தெரியவில்லை.

“அப்பாவா! நாற்காலியா!” தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டான். “ஆணி அடிக்கணும்னா வீட்டுப் பூட்டைத் தேடுற மனுஷன்!”

“பூட்டால அடிச்சு விரலை நசுக்கிக்கிட்டு மூணு நாள் லீவு போட்டாரே!”

“கடைசில காலண்டரை சுவிட்சுல மாட்டினார், லைட் போடும்போதெல்லாம் தேதி ஆடும்!”

பானெட்டில் கையூன்றி இருவரும் சிரித்தார்கள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து முடித்து மூச்சு வாங்கும்போது தம்பி சட்டைக்கையால் கண்ணைத் துடைத்தான். துடைத்த பிறகும் அது நிற்கவில்லை.

“ஒரு நிமிஷம் நிஜம்னே நம்பிட்டேன்க்கா. கையில எடுத்தப்போ அப்பா வாசனை வந்த மாதிரியே இருந்துச்சு.”

“அது வினிகர்டா.”

மறுபடியும் சிரித்தார்கள். இந்த முறை சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது.

“ஏன்க்கா அப்படிச் சொன்ன?”

“ஒவ்வொருத்தரும் அவங்கவங்க ஆளைச் சொன்னாங்க. எனக்கும் சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும்போல இருந்துச்சு.” காரின் கண்ணாடியில் ஒட்டியிருந்த தூசியை அவள் விரலால் வழித்தாள். “நீ காட்டிக்குடுத்திருக்கலாம்.”

“இத்தனை பேர் முன்னாடியா?”

பிறகு தம்பி சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே, “நானும் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா கூப்பிடணும்னு எடுப்பேன், வெச்சுடுவேன்” என்றான்.

“சொல்லு.”

“வெளிநாட்டுல வேலை கிடைச்சிருக்கு. துறைமுகத்துல கண்டெய்னர் வண்டி ஓட்டக் கத்துக்குடுக்கற வேலை. ஸ்கூலை இந்த மாசக் கடைசியில வேற ஆளுக்குக் குடுத்துடறேன். அடுத்த மாசம் கிளம்பறேன்.”

அக்கா முகத்தை மாற்றவில்லை. எதைப் பார்த்தாலும் முகம் மாறாமல் இருப்பது அவள் தொழில். படத்தில் தெரிவதை நோயாளியிடம் அவள் காட்டிக்கொள்ளக்கூடாது.

“நல்ல விஷயம்தானே.”

“நல்ல விஷயம்தான்.”

“குட்டிக்கு அங்க நல்ல ஸ்கூல் இருக்கும்.”

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு வாட்சைப் பார்த்தான். “ஒரு ஆள் ரிவர்ஸ் எடுக்கக் கத்துக்கணும்னு காத்துக்கிட்டிருக்கு. நீ என்ன பண்ணுவ?”

“எனக்கென்ன? வேலை இருக்கு. வீடு இருக்கு.”

“நாற்காலி?”

“அதை நான் பாத்துக்கறேன்.”

“பழசா ஒண்ணு வாங்கி, ஒரு காலை அறுத்துடலாம்” என்று சிரிக்கப் பார்த்தான். கார் கிளம்பி முக்குத் திரும்பும்வரை அக்கா நின்றாள். கூரையில் கட்டியிருந்த பலகைதான் கடைசியாக மறைந்தது.

*

உள்ளே வந்தபோது டாக்டரம்மா அவளுக்காக ஒரு டம்ளர் டீயை மூடி வைத்திருந்தார்.

“உங்களையும் உங்க தம்பியையும் பார்த்தா எனக்குப் பொறாமையா இருந்துச்சு” என்றார். அக்கா டீயைக் குடிக்கும்வரை உளியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தவர், தலை நிமிராமலே பேச ஆரம்பித்தார்.

“இந்த உளி எங்கப்பாவோடதுன்னு மட்டும்தான் இங்க சொல்லியிருக்கேன். மிச்சத்தை யார்கிட்டயும் சொன்னதில்ல. நான் என் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். அன்னைக்குப் பேச்சை நிறுத்தினவர்தான், சாகற வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. போனப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் இந்தப் பெட்டியைக் கொண்டாந்து, ‘உங்ககிட்ட குடுக்கச் சொன்னார்’னு வெச்சுட்டுப் போனார். அவ்வளவுதான். என்னை மன்னிச்சுக் குடுத்தாரா, வீட்டுல இடம் அடைக்குதுன்னு குடுத்தாரா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.”

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள்.

“உங்களுக்கு நாற்காலியே செஞ்சு குடுத்திருக்கார். அதனாலதான் உங்ககிட்ட சொல்லத் தோணிச்சு. புரிஞ்சுக்குவீங்கன்னு.”

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். எவ்வளவோ நாளாக இப்படி ஒருத்தி தன்னை நம்பிப் பேச மாட்டாளா என்று அக்கா ஏங்கியது உண்மை. ஆனால் இப்போது இவர் பேசியது அக்காவிடம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்ட வேறு யாரோ ஒருத்தியிடம். காலையில் கை தட்டியதும் அவளுக்குத்தான். அக்கா இங்கே வந்து உட்காரவே இல்லை.

அவள் எழுந்து நின்றாள்.

“ஒரு நிமிஷம் எல்லாரும் கேக்கறீங்களா?”

ரம்பச் சத்தம் நின்றது.

“காலைல நான் சொன்னது நிஜமில்ல. இது எங்கப்பாவோடது கிடையாது. பழைய இரும்புக் கடையில வாங்கினேன். எங்கப்பாவுக்கு ஆணி அடிக்கக்கூட வராது. நாற்காலியும் கிடையாது. எங்க தம்பி சொன்னது என்னைக் காப்பாத்தறதுக்காக. அவன் மேல தப்பில்ல.”

யாரோ ஒருவர் சிரிக்கப் பார்த்து, மற்றவர்கள் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

கேப்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கடையில வாங்கினதுன்னு சொல்லியிருந்தா யாரும் உங்களைக் குறைச்சலா நினைச்சிருக்க மாட்டோமேம்மா.”

“தெரியும்.”

“எங்ககிட்ட இருக்கறதே அந்த ஒரு சட்டம்தான்” என்றார் கேப்டன். திட்டியிருந்தால் தேவலை. அவர் குரலில் இருந்தது வருத்தம். பேக்கரிக்காரரைத் திரும்பிப் பார்த்தார். பேக்கரிக்காரர் பேசாமல் செல்போனை எடுத்து எதையோ அழித்தார்.

அக்கா டாக்டரம்மாவைப் பார்த்தாள்.

“நான் உங்ககிட்ட சொன்னது நிஜம்” என்றார் டாக்டரம்மா. உளியைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து மூடினார். பிறகு எழுந்து, அடுத்த மேஜையில் யாருக்கோ ரம்பம் தீட்ட உதவப் போனார்.

போய்விடு என்று யாரும் சொல்லவில்லை. அக்கா போகவும் இல்லை. போனால் வீடுதானே. இழைப்புளியை எடுத்துக் காலையில் விட்ட பலகையைச் சீவத் தொடங்கினாள். சுருள்கள் நன்றாகத்தான் வந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து காலடியில் குவிந்தன. அவளைச் சுற்றி வேலைகள் நடந்தன, பேச்சும் சிரிப்பும் மெல்லத் திரும்பின. அவள் மேஜைக்கு மட்டும் யாரும் வரவில்லை. பலகையைப் போதுமான அளவு இழைத்த பிறகும் கையை நிறுத்த மனம் வராமல் சீவினாள்.

மாலையில் தரையைத் தானே கூட்டி அள்ளிவிட்டு, துண்டில் இழைப்புளியைச் சுற்றிக்கொண்டு கிளம்பினாள்.

“அடுத்த வாரம்…” என்று கேப்டனிடம் ஆரம்பித்தாள்.

“வர்றதும் வராததும் உங்க இஷ்டம்மா” என்றார் அவர். மரியாதையாகத்தான் சொன்னார். காலையில் மூச்சுக்கு மூச்சு சொன்ன ‘வாங்க’ என்ற வார்த்தை மட்டும் அதில் இல்லை.

*

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டு, கை கால் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். அதற்குமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை. சாப்பிடலாம், பசிக்கவில்லை. படுக்கலாம், இன்னும் இருட்டவே இல்லை. எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தம்பி அடுத்த மாதம் போய்விடுவான். குட்டி அங்கே போய் வேறு பாஷை பேசுவாள். அத்தை என்று ஒருத்தி இருப்பது படத்தில் தெரியும். நினைத்துப் பார்த்தால், இவர்கள் இதே ஊரில் இருந்தபோதும் அவள் போய்ப் பார்த்ததில்லை. அப்பாவைக் காரணம் காட்டி அவர்கள் வருவார்கள், அப்பாவைக் காரணம் காட்டி இவள் போகமாட்டாள். காரணம் இல்லாமல் ஒரு போன்கூடப் போட்டதில்லை.

செல்போனை எடுத்தாள். தம்பி வீட்டு எண்ணைத் தேடினாள், இந்த முறை விரல் நிற்கவில்லை.

எடுத்தது தம்பி மனைவி.

“அண்ணியா? என்ன அண்ணி, ஏதாவது அவசரமா? அவர் கிளாஸ் முடிச்சு இன்னும் வரல.”

“அவசரமெல்லாம் ஒண்ணுமில்லம்மா. சும்மாதான் கூப்பிட்டேன்.”

“சும்மாவா?”

“ஆமா. என்ன பண்றீங்க, குட்டி என்ன பண்றா, அதான்.”

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று அக்கா செல்போனை இன்னும் அழுத்திக் காதில் வைத்தாள். எங்கேயோ குட்டி பாடிக்கொண்டிருந்தாள். ஒரு கதவு சாத்தப்பட்டது. பாட்டு நின்றது.

“அண்ணி, இன்னைக்கு அவர் உங்களைப் பார்க்க வந்தாரே, எல்லாம் சொன்னாரா?”

“வேலை விஷயம்தானே? சொன்னான்மா. உங்க மூணு பேருக்கும் நல்லதுதான். அங்க போனா குட்டிக்கும்…”

“மூணு பேரா?”

தம்பி மனைவியின் குரல் மிகவும் தாழ்ந்துவிட்டது. பக்கத்து அறைக்குக் கேட்கக் கூடாதென்று பேசுகிற குரல்.

“அப்ப அதை அவர் உங்ககிட்டயும் சொல்லல. நாங்க போகல அண்ணி. அவர் மட்டும்தான் போறார். திரும்பி வருவாரான்னு கேட்டா, அதுக்குப் பதில் சொல்ல மாட்டேங்கறார். நான் யார்கிட்ட போய்ச் சொல்வேன்? எனக்குன்னு கேக்க யாரிருக்கா?”

அழுகைச் சத்தம் வரவில்லை. அழுகையை அடக்குகிறவர்கள் விடாமல் பிடித்துவைக்கும் மூச்சுதான் கேட்டது. அந்த மூச்சை அக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

அவள் பீரோவைத் திறந்து வெளியே போகும் சேலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். மறுகையால் வீட்டுச் சாவியைத் தேடினாள்.

“போனை வைக்காதம்மா. பேசிக்கிட்டே இரு. நான் அங்கதான் வந்துக்கிட்டிருக்கேன்.”